உங்களுக்குத் தெரியுமா? காற்றுப் போனாலும் ஓடும் டயர்

◆ காற்று முழுதாக இறங்கிய பின்னும் உருளும் 'ரன்-ஃப்ளாட்' டயருக்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓடலாம். அதன் பக்கச்சுவரில் உள்ள தடித்த ரப்பர் வண்டியின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. தெற்கு அதிவேகப் பாதையில் கொட்டாவவில் ஏறினால் காலி பின்னதுவவுக்கு ஏறக்குறைய 95 கிலோமீட்டர். ஏறியவுடன் ஆணி குத்தினால் காலி வரை ஓட முடியாது. ஆனால் அடுத்த வெளிவாசலில் இறங்கி டயர்க்கடையைத் தேட அந்தத் தூரம் தாராளம். இருட்டில், லொறிகள் விரையும் பாதையோரத்தில் ஜாக் போட்டு நிற்கும் ஆபத்து நீங்குகிறதே, அது பெரிய விஷயம்.

◆ 1986இல் வந்த போர்ஷே 959 இத்தகைய டயரோடு, காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் உணரியையும் கொண்டிருந்தது. 1997இன் கோர்வெட் ஸ்பெயார் சக்கரத்தையே விட்டுவிட்டது. 2007இல் வந்த நிஸான் ஜிடி-ஆரும் ரன்-ஃப்ளாட்தான்.

◆ அப்படியிருந்தும் பலர் ஏன் இதைக் கழற்றுகிறார்கள்? பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் குழியில் விழும் அடியை டயர் வாங்கிக்கொள்வதில்லை. ரிம்முக்கும் முதுகுக்கும் அனுப்பிவிடுகிறது. டயரின் எடையும் விலையும் அதிகம். காற்றில்லாமல் ஓடிய டயரின் உட்புறம் நைந்திருந்தால் வெளியில் தெரியாது. அதனால் பஞ்சர் ஒட்டுவதற்குப் பதில் பெரும்பாலும் புது டயரே வாங்க நேரும்.

◆ கழற்றியபின் எதைப் போடுவது? 'ஆல்-சீசன்' போட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற ஆலோசனை இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. அது பெரும்பாலும் பனி பெய்யும் நாடுகளில் இருப்பவர்களுக்கான ஆலோசனை. 1977இல் குட்இயர் 'டியெம்போ'வுடன் பரவத் தொடங்கிய இந்த வகை, கோடையும் பனியும் மாறிமாறி வரும் இடங்களுக்கான சமரசம். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும் என்பதுதான் அங்குள்ள கவலை. கொழும்பில் இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பனிக்காகக் கீறிய நுண்வெட்டுகள் நம் வெயிலில் சூடேறிய தாரில் நெளிகின்றன. வேகமாக வளைவெடுக்கும் காருக்கு அது பிடியைக் குறைக்கும். சாதாரண சலூன் காருக்குப் பரவாயில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காருக்கு வேண்டியது ஈரப்பிடிப்பு மிக்க கோடை டயர். ஒக்டோபர், நவம்பர் பிற்பகல் மழையில் ஆமர் வீதிச் சந்தியில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2021 முதல் ஐரோப்பிய டயர் ஒட்டுத்தாளில் மழைமேகப் படத்தருகே 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் இருக்கும். 'ஏ' கிடைத்தால் அதையே எடுங்கள்.

◆ ரன்-ஃப்ளாட்டும் ஆல்-சீசனும் எதிரெதிர் வகைகள் அல்ல. 2020 கோர்வெட் ஸ்டிங்ரேயின் அடிப்படை மாடலில் வந்த மிஷலின் டயர் இரண்டுமாகவே இருந்தது.

◆ சாதாரண டயருக்கு மாறினால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டு வகை கலந்தால் கார் வளைவில் ஒரே சீராக நடந்துகொள்ளாது. டிக்கியில் ஸ்பெயாருக்கு இடமே இல்லாமல் வந்த கார் என்றால் காற்றடிக்கும் சிறு பம்பும் ஓட்டையடைக்கும் திரவமும் கட்டாயம். திரவத்துக்குக் காலாவதித் திகதி உண்டு. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது, தூக்கு வண்டிதான். காற்றழுத்த உணரியைக் கழற்றவே வேண்டாம்.

◆ காற்றே இல்லாத டயரை உலகுக்கு அதிகம் அனுப்பும் நாடுகளில் இலங்கையும் ஒன்று! ஃபோர்க்லிஃப்டுகளுக்கான கெட்டி ரப்பர் டயர்கள் அவை. கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் 1876இல் நட்ட ரப்பர் கன்றுகளில் தொடங்கிய கதை இது.

◆ பஞ்சிகாவத்தையில் பாவித்த டயர் வாங்கப் போகிறீர்களா? பக்கச்சுவரில் 'டி.ஓ.டி.' வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்துவிடும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் விலை பேசாமல் அடுத்த கடைக்குப் போங்கள்.