மலையேறப் போவோம்... மலையைக் காத்த கதையும் கேட்போம்!

கொடைக்கானலும் ஊட்டியும் எல்லோருக்கும் தெரியும். மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்திலுள்ள அரிட்டாபட்டி மலை பலருக்குத் தெரியாது. திருப்பூர், பல்லடம், காங்கயம் பக்கத்து விவசாயிகள் ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம். பார்க்க மட்டுமல்ல, பாடம் படிக்கவும்தான்.

நம் ஊர்க் கரடுகளைப் போலவே மொட்டைப் பாறைக் குன்றுகள். மொத்தம் ஏழு. கழிஞ்சமலையில் சமண முனிவர்கள் தங்கிய குகையும், 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கின்றன. பாறையைக் குடைந்து எழுப்பிய பாண்டியர் காலச் சிவன் கோயிலும் உண்டு. 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு போன்றவையும் அதில் அடக்கம். தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பும் வாழ்கின்றன.

விவசாயி கவனிக்க வேண்டியது தண்ணீரை. பாறையில் விழும் மழை மண்ணில் விழுவதுபோல் உறிஞ்சப்படாது, வழிந்தோடும். கொஞ்சம் சுனையில் தங்கும், கொஞ்சம் இடுக்கு வழியாக இறங்கும், மிச்சம் அடிவாரக் கண்மாய்க்கு வரும். இந்தப் பகுதியில் மட்டும் 72 ஏரிகளும் 200 சுனைகளும் இருப்பதாக அரசே கணக்குச் சொல்கிறது. மலையை உடைத்தால் கல் மட்டும் போகாது, கண்மாய்க்கு வரும் தண்ணீரும் போகும்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஆனால், சரியாக இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. ஆக, அறிவிப்புப் பலகை மட்டும் மலையைக் காப்பாற்றிவிடவில்லை.

காப்பாற்றியது ஊர்மக்கள். மேலூர் வட்டாரக் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு விவசாயிகள் பேரணியாகக் கிளம்பினார்கள். ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்தானது.

''நம் ஊர்க் கரட்டுக்கு இது எப்படி உதவும்?'' என்று கேட்கத் தோன்றும். கல்குவாரிக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை புதிதல்ல. செய்ய வேண்டியவை இவை:

• கரட்டிலுள்ள சுனை, ஓடை, கோயில், மேய்ச்சல் இடம் எல்லாவற்றையும் புல எண்ணோடு எழுதி வையுங்கள். பறவை, மூலிகைப் பெயர்களையும் சேருங்கள்.

• பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு. மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்த விவரங்களை ஏற்றச் சொல்லுங்கள்.

• ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்து, நகல் வாங்கி வையுங்கள்.

பாரம்பரியத் தலமாக அறிவித்தால் ஆடு மேய்க்க முடியாது, கோயிலுக்குப் போக முடியாது என்ற பயம் வேண்டாம். ஊர்மக்களின் வழக்கத்துக்குத் தடை போடுவது அதன் நோக்கமல்ல. நம் திருப்பூர் நஞ்சராயன் குளமும் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்ததே!

அரிட்டாபட்டிக்குப் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்து, கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழி, தையில் போங்கள். விடியற்காலையில் ஏறினால் பாறை சுடாது. தண்ணீர் கொண்டு போங்கள். சுனையில் கை, கால் கழுவாதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். மலையைப் பற்றி அவர்கள் சொல்லும் கதைகளைப் பிள்ளைகள் காதில் விழ வையுங்கள்.