மைசூரு மையும் காப்புரிமைச் சட்டமும்

தேர்தல் நாளன்று இடது ஆள்காட்டி விரலில் நகமும் தோலும் சேருமிடத்தில் இழுக்கப்படும் கோடு, சிறிது நேரத்தில் கறுத்து, சோப்புக்கும் எண்ணெய்க்கும் அசையாமல் பல நாட்கள் நிலைத்திருப்பதை அறியாதார் இல்லை. வெள்ளி நைட்ரேட் என்னும் உப்பு தோலோடு கலந்து ஒளி பட்டுக் கறுப்பதே அதன் சூட்சுமம். 1937-இல் மைசூரு மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கு, வர்ணத் தொழிற்சாலையாகத் தொடங்கப்பெற்று, இன்று கர்நாடக அரசின் உடைமையாயிருக்கும் மைசூரு பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம், டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் கண்ட முறையைப் பெற்று, 1962 பொதுத் தேர்தல் தொட்டு இம்மையைத் தயாரித்து வருகிறது. அதில் வேறென்ன, எவ்வளவு சேர்கிறது என்பது மட்டும் ரகசியம்.

பேடண்ட் என வழங்கும் காப்புரிமையின் தத்துவமோ இதற்கு நேர்மாறானது. கண்டுபிடித்தவன் தன் முறையை ஒளிக்காமல் எழுதிக்கொடுக்க வேண்டும்; பிரதியாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் பிறர் அதைக் கையாளாதபடி அரசு காக்கும். நியாயமான ஒப்பந்தந்தான். ஆனால் சாதாரணமாக 18 மாதத்தில் விவரம் பிரசுரமாகிவிட, உரிமை கைக்கு வரும்வரை களவாடியவன் மீது வழக்குத் தொடுக்க வழியில்லை; பரிசீலனையில் கழியும் ஆண்டுகளும் அந்த 20-லேயே கழிகின்றன. உரிமை வந்தபின் பழைய நஷ்டத்தையும் கோரலாம் என்று சட்டம் ஆறுதல் கூறுகிறது. அதற்குள் பட்டறை மூடாதிருந்தால்!

ரகசியங் காத்துப் பிழைப்பது அரசாங்கத் தொழிற்சாலைக்கு ஆகும். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒருவன் பிரயாசைப்பட்டு அமைத்த இயந்திரத்தை, விலைக்கு வாங்கியவன் திருகாணி கழற்றிப் பார்த்துவிட்டால் ரகசியம் ஏது?

இந்நாட்டுக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை அந்நியர் வசமிருந்து இங்கே பயன்படாமலே கிடப்பதை 1959-இல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் தம் அறிக்கையில் எடுத்துக்காட்ட, அதன் பயனாய்ப் பிறந்தது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். அந்நியரைக் கட்டுப்படுத்துவதே அதன் பிரதான கவலை; உள்ளூர்க்காரனின் காலவிரயம் இரண்டாம்பட்சம். பரிசீலனை கோரும் அவகாசத்தை 48 மாதத்திலிருந்து 31 ஆக்கிய 2024 விதித் திருத்தம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் விரைவுப் பரிசீலனை என்னும் அனுகூலம் ஸ்டார்ட்அப்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பெண் விண்ணப்பதாரருக்கும் கிட்டுகையில், நிறுவனம் எதுவும் பதிவு செய்யாத தனிப் பட்டறைக்காரன் வெளியே நிற்கிறான். சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும் மைசூருத் தனிநபர் எவருக்கும் அதனை வழங்குவது, விதியில் ஒரு வரி சேர்த்தால் ஆகக்கூடிய காரியம். மத்திய அரசு அதனைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும்.