மலை முடியும் இடம்

கண்டியிலிருந்து வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். 2010-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மலைநாட்டுக் காடுகளில் அதுவும் ஒன்று. அங்கு மூக்கு நுனியில் இலைபோல ஒரு சதைக்கொம்பு கொண்ட ஓணான் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது கிடையாது.

மலையில் 100 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை குறையும். ஆகவே பூமி 1 பாகை சூடானால், பழகிய குளிர்ச்சிக்காக ஓர் உயிர் சுமார் 170 மீற்றர் மேலே போகவேண்டும். சூடு மெல்ல ஏறினால் காடு தலைமுறை தலைமுறையாக விதை பரப்பி மேலேறும். இன்றைய வேகம் மரங்களுக்கு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அதோடு, நக்கிள்ஸின் மிக உயர்ந்த சிகரமே 1,906 மீற்றர்தான். அதற்கு மேல் ஆகாயம்.

தேயிலைக்கோ நகரவே வழியில்லை. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் மலைநாட்டின் லூல்கந்துராவில் தேயிலைத் தோட்டம் போட்டார். இரண்டே ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றி, அதுவரை மலையில் விளைந்த கோப்பியைப் பின்னர் அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இன்று ஒரு செடி பல பத்தாண்டுகள் அதே சரிவில் நிற்கிறது. வெயில் நீடித்தால் துளிர் வராது. பெருமழை கொட்டினால் மேல்மண் கரைந்து மகாவலிக்குப் போகும். கொழுந்து குறையும் நாளில் கிலோக் கணக்கு எட்டாமல் அரைப் பேரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, லயத்து வீட்டுக்குத் திரும்புபவள், கூடை சுமந்த நம் மலையகத் தாய்.