நாய்களுக்கும் குடும்பக் கட்டுப்பாடு

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைன் நாட்டின் மீது ரஷ்யா பெரும் படையெடுத்தது. உக்ரைன் ஐரோப்பாவில் இருக்கிறது. நம் நாட்டு மாணவர்கள் பல ஆயிரம் பேர் அங்கே மருத்துவம் படித்து வந்தார்கள். நம் அரசு விமானங்களை அனுப்பி அவர்களை அழைத்து வந்தது. சில மாணவர்கள் தாங்கள் வளர்த்த நாயையும் பூனையையும் கூடவே கொண்டு வந்தார்கள். விட்டுவிட்டு வர அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் எல்லோராலும் அப்படிச் செய்ய முடியவில்லை. உக்ரைன் மக்களில் பல லட்சம் பேர் வெளிநாடுகளுக்குப் போனார்கள். இன்னும் பல லட்சம் பேர் உள்நாட்டிலேயே வேறு ஊர்களுக்குப் போனார்கள். ரயிலில் நிற்கவும் இடம் இல்லை. கையில் குழந்தை, தோளில் மூட்டை. நாயை எப்படிக் கொண்டு போவது? பலர் நாயை அவிழ்த்து விட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டு நாய்கள் தெரு நாய்கள் ஆயின. அவற்றோடு ஒரு புதிய கவலையும் வந்தது.

குட்டிகள் பெருகும் கணக்கு

பெண் நாய் ஒரு வயது ஆவதற்குள்ளேயே சினைக்கு வந்துவிடும். வயிற்றில் குட்டி இருக்கும் காலம் சுமார் 63 நாட்கள்தான். பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை சினைக்கு வரும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் நாய் ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடுகிறது. ஒவ்வொரு முறையும் 5 குட்டிகள். மொத்தம் 10 குட்டிகள். அவற்றில் 5 பெண் என்று வைத்துக் கொள்வோம். அடுத்த ஆண்டு தாயும் 5 பெண்களும் சேர்ந்து 6 நாய்கள் குட்டி போடும். ஆளுக்குப் பத்து என்றால் 60 குட்டிகள்!

தெருவில் பிறக்கும் குட்டிகள் எல்லாம் பிழைப்பதில்லை. குளிரிலும் பசியிலும் நோயிலும் பல செத்துவிடும். பாதி பிழைத்தாலே 30. ஒரு நாயை அவிழ்த்து விட்டால் இரண்டே ஆண்டில் ஒரு தெருவே நிறைந்துவிடும்.

கடியும் நோயும்

நாய்கள் பெருகினால் என்ன கெடுதல்? முதல் கெடுதல் வெறிநோய். இதை ரேபிஸ் என்றும் சொல்வார்கள். வெறிநோய் பிடித்த நாய் கடித்தால் மனிதருக்கும் அந்த நோய் வரும். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது. உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

உக்ரைனில் வெறிநோய் காட்டு நரிகளிடம் இருக்கிறது. நரி கடித்தால் நாய்க்கும் பூனைக்கும் பரவும். போருக்கு முன்பு, தடுப்பு மருந்து வைத்த இரையை விமானத்தில் இருந்து காடுகளில் போடுவார்கள். நரிகள் அதைத் தின்னும். நோய் கட்டுப்படும். போர் வந்ததும் வானில் சாதாரண விமானம் பறக்கத் தடை வந்தது. காடுகளிலும் வயல்களிலும் கண்ணிவெடிகள். அந்த வேலை பல இடங்களில் தடைப்பட்டது.

கொன்றுவிட்டால் தீராதா?

"நாய்களைச் சுட்டுத் தள்ளினால் தொல்லை ஒழியுமே" என்று சிலர் கேட்பார்கள். இதற்கு விடை அதே உக்ரைன் நாட்டிலேயே இருக்கிறது.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அங்கே செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தது. மறுநாள் பக்கத்தில் இருந்த பிரிப்யாத் நகரை அரசு காலி செய்தது. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று மக்களிடம் சொன்னார்கள். நாய், பூனைகளை விட்டுவிட்டு மக்கள் பேருந்தில் ஏறினார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. பிறகு ஆட்களை அனுப்பி நாய்களைச் சுட்டார்கள். ஆனாலும் நாய்கள் அடியோடு அழியவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கணக்கான நாய்கள் அங்கே திரிந்தன. 2017ஆம் ஆண்டு முதல் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே இலவச முகாம் நடத்தி, அந்த நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தது.

கொல்வதால் ஏன் பலன் இல்லை? தெருவில் குப்பையும் எச்சில் உணவும் அப்படியே கிடக்கின்றன. பத்து நாயைக் கொன்றால் மீதி உள்ளவற்றுக்கு அதிக உணவு கிடைக்கும். அவை போடும் குட்டிகள் அதிகம் பிழைக்கும். பக்கத்து ஊர் நாய்களும் வந்து சேரும். புதிதாக வரும் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்காது.

கருத்தடை செய்த நாய் அதே தெருவில் இருக்கும். தன் இடத்தைக் காக்கும். ஆனால் பெருகாது. தடுப்பூசியும் போட்டுவிட்டால் நோயைப் பரப்பாது. ஓர் ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு 70 நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பத்து நாய்க்குப் போட்டுவிட்டு நிறுத்தினால் பயன் இல்லை.

முகாம் நடக்கும் விதம்

போர் நடக்கும் ஊர்களில் இப்படிப்பட்ட இலவச முகாம்களை யு-அனிமல்ஸ் என்ற உக்ரைன் நாட்டு அமைப்பு நடத்தியது. ஃபோர் பாஸ் என்ற அமைப்பும் நடத்தியது. ஃபோர் பாஸ் என்றால் நான்கு பாதங்கள் என்று பொருள். இது 1988ஆம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டில் தொடங்கிய அமைப்பு.

ஏன் இலவசம்? போரில் பலருக்கு வேலை போனது. வீடு போனது. சாப்பாட்டுக்கே வழி இல்லாதவர் நாய்க்காகப் பணம் செலவு செய்ய முடியுமா? போர்முனைக்குப் பக்கத்து ஊர்களில் தங்கிவிட்டவர்களில் பலர் வயதானவர்கள். தங்கள் நாயோடு, ஊரை விட்டுப் போனவர்களின் நாய்களுக்கும் அவர்கள்தான் சோறு போட்டார்கள். பட்டணத்து மருத்துவமனைக்குப் போக வண்டியும் இல்லை. அதனால் மருத்துவ வண்டியே ஊர் தேடிப் போக வேண்டும்.

முகாம் நாளை முன்கூட்டியே ஊரில் அறிவிப்பார்கள். பெயர் பதிவு செய்வார்கள். முதல் நாள் இரவில் இருந்து நாய்க்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது. தெரு நாய்களை வலை வீசிப் பிடிப்பார்கள். குண்டுச் சத்தம் கேட்டு மிரண்ட நாய்கள் எளிதில் பக்கத்தில் வராது. சோறு வைத்துப் பொறுமையாகப் பழக்க வேண்டும்.

நாயை எடை போட்டு, அந்த எடைக்குத் தக்கபடி மயக்க ஊசி போடுவார்கள். பெண் நாய்க்கு வயிற்றில் சிறிதாகக் கீறி, கருமுட்டைப் பையையும் கருப்பையையும் எடுப்பார்கள். ஆண் நாய்க்கு விதையை எடுப்பார்கள். மயக்கத்தில் இருப்பதால் அப்போது வலி தெரியாது. பிறகு வலி குறைய மருந்து கொடுப்பார்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவார்கள். காதில் ஓர் அடையாளம் வைப்பார்கள். அதைப் பார்த்தால், "இந்த நாய்க்கு முடிந்துவிட்டது" என்று தூரத்திலேயே தெரியும். மறுபடி பிடிக்க வேண்டியது இல்லை.

போர்க்காலத்தில் இது எளிதான வேலை அல்ல. 2022 அக்டோபர் முதல் உக்ரைனின் மின் நிலையங்கள் தாக்கப்பட்டன. பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டர் வேண்டும். விமானத் தாக்குதல் வரப்போகிறது என்று அபாயச் சங்கு ஊதும். பாதி அறுவையில் நாயை அப்படியே விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓட முடியுமா? எனவே இடத்தையும் நேரத்தையும் யோசித்துத்தான் முகாம் போட வேண்டும்.

மக்கள் கேட்கும் கேள்விகள்

கருத்தடை செய்த நாய் வீட்டைக் காக்குமா? காக்கும். புதிய ஆள் வந்தால் முன்போலவே குரைக்கும்.

குணம் மாறுமா? பெண் நாய் சினைக்கு வரும் காலத்தில் ஆண் நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து சண்டை போடும். குட்டி போட்ட தாய் பக்கத்தில் போனவரைக் கடிக்கும். இந்தத் தொல்லைகள் குறையும்.

ஒரு முறையாவது குட்டி போட வேண்டாமா? தேவை இல்லை. அதனால் நாயின் உடலுக்கு நன்மை எதுவும் இல்லை.

நம் ஊரில்

இந்த முறை நமக்குப் புதியது அல்ல. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964ஆம் ஆண்டிலேயே இதைத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி 1996ஆம் ஆண்டு இதை ஏற்றுக் கொண்டது. நாய்களுக்குக் கருத்தடை செய்ய மத்திய அரசு 2001ஆம் ஆண்டு விதிகள் கொண்டு வந்தது. 2023ஆம் ஆண்டு புதிய விதிகள் வந்தன. கருத்தடை செய்த நாயின் காது நுனியில் சிறிது வெட்டி அடையாளம் வைப்பது நம் நாட்டு வழக்கம்.

குண்டு விழும் ஊரிலேயே இதைச் செய்ய முடிகிறது. அமைதியாக இருக்கும் ஊரில் செய்ய முடியாதா? உங்கள் தெரு நாய்களின் காதைப் பாருங்கள். எத்தனை நாய்களுக்கு அடையாளம் இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கோடு ஊராட்சி அலுவலகத்துக்கோ நகராட்சிக்கோ போய், "எங்கள் ஊருக்கு முகாம் எப்போது?" என்று கேளுங்கள். மனுவாக எழுதியும் கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்

நாய் கடித்தாலும் பிராண்டினாலும் உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி போட்டுக் கொள்ளுங்கள்.

மருத்துவர் சொன்ன நாட்களில் எல்லா ஊசியும் போட வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது.