ஐந்தே வினாடி இருக்கும்போது நின்ற ராக்கெட் தெரியுமா?

பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறி, கடற்கரைப் பக்கம் போனால் அடுத்த ஸ்டாப்பே தரமணி. அங்கே ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ராக்கெட் எஞ்சினையே அச்சடித்து எடுக்கிறார்கள் தெரியுமா? காகிதத்தில் படமாக இல்லை, அசல் உலோகத்தில்! உலோகத் தூளைப் பரப்பி, லேசரால் உருக்கி, படலம் படலமாக ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் முழு எஞ்சினும் ஒரே துண்டாக வெளியே வருகிறது. எங்கேயும் ஒரு வெல்டிங் கிடையாது, ஒரு போல்ட் கிடையாது! 2017-ல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின், ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தி ஆகியோர் சேர்ந்து தொடங்கிய அக்னிகுல் காஸ்மாஸ் கம்பெனியின் வேலை இது.

அந்த எஞ்சினை வைத்து அவர்கள் செய்த 'அக்னிபான்' ராக்கெட் 2024 மே 30 அன்று காலை 7.15 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சீறிக் கிளம்பியது. முழுக்க ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சின் ஒன்று உலகத்திலேயே முதல்முறையாகப் பறந்தது அன்றைக்குத்தான்! ஏவுதளமும் அவர்களுடையதே. 'தனுஷ்' என்று பெயர், இந்தியாவின் முதல் தனியார் ஏவுதளம். கட்டுப்பாட்டு அறை அங்கிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி.

ஆனால் என்னை வாய்பிளக்க வைத்தது அந்த மே 30 இல்லை. அதற்கு முந்தைய நான்கு நாட்கள்! மார்ச் 22, ஏப்ரல் 6, ஏப்ரல் 7, மே 28 என்று நான்கு தடவை நாள் குறித்து, ராக்கெட்டை நிறுத்தி, எண்ண ஆரம்பித்து, நான்கு தடவையும் 'இன்றைக்கு வேண்டாம்' என்று இறங்கி வந்தார்கள். நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, முதலீட்டாளர்கள் காத்திருக்கிறார்கள், இரவெல்லாம் கண்விழித்த இளைஞர்கள் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் 'நிறுத்து' என்று சொல்வதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

ராக்கெட்டைத் தயார்ப்படுத்துவது என்றால் கிளப்பத் தயார்ப்படுத்துவது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பாதிக்கு மேல் வேலை, நிறுத்தத் தயார்ப்படுத்துவதுதான். மனிதர்களையும் சரி, கணினியையும் சரி.

2023 அக்டோபர் 21 நினைவிருக்கிறதா? ககன்யான் திட்டத்தின் முதல் சோதனை ராக்கெட், டி.வி.-டி1. விண்வெளி வீரர்களை ஆபத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. காலை 8 மணி என்றார்கள், 8.45 என்றார்கள். எண்ணிக்கை ஓடுகிறது... பத்து, ஒன்பது, எட்டு... ஐந்து வினாடி இருக்கும்போது கணினி தானே நிறுத்திவிட்டது! யாரும் பொத்தானை அழுத்தவில்லை. கண்காணிப்பில் ஏதோ ஒன்று பிசகியதாகக் கணினிக்குப் பட்டது, நின்றது. அவ்வளவுதான். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, சரிசெய்து, அதே நாள் காலை 10 மணிக்கே ஏவிவிட்டார்கள்! வீரர்கள் உட்கார வேண்டிய கூண்டு பாராசூட்டில் இறங்கி, வங்காள விரிகுடாவில் விழுந்து, கடற்படை அதை மீட்டுக் கொண்டும் வந்தாயிற்று.

இதே ஸ்ரீஹரிகோட்டாவில் அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்னால் கணினி 'வேண்டாம்' என்று சொல்லியும் கேட்காமல் ஏவிய ராக்கெட் ஒன்று உண்டு தெரியுமா? அப்போது முடிவெடுத்தவர் நம் அப்துல் கலாம்! 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3. கிளம்பச் சில நிமிடங்கள் இருக்கையில் கணினி நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. சுற்றி நின்ற நிபுணர்கள் 'போதுமான எரிபொருள் இருக்கிறது, போகலாம்' என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். முதல் கட்டம் அருமையாகப் போனது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து ராக்கெட் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் போய்ப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் வெற்றி கிடைத்தபோது 'நீ போய்ப் பேசு' என்று கலாமை அனுப்பியவரும் அவரே. இதை மேடைக்கு மேடை சொன்னவர் வேறு யாருமில்லை, கலாமே. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த மனிதர், தன் தோல்வியை ஒரு தலைமுறைக்கே பாடமாக வைத்துவிட்டுப் போனார்.

சரி, நிறுத்தவும் கிளப்பவும் எப்படிப் பழகுகிறார்கள்? ஒத்திகை! சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14. அதற்கு மூன்று நாள் முன்னால், ஜூலை 11-ல் ஓர் ஒத்திகையை முடித்தார்கள். எத்தனை நேரம் தெரியுமா? முழுசாக 24 மணி நேரம்! ராக்கெட் ஏவுவதைத் தவிர எல்லாவற்றையும் நிஜம் போலவே செய்து பார்த்தார்கள். ஓ.எம்.ஆர். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ரிலீஸ் ராத்திரிக்குக் கண்விழித்தவர்களுக்கு இதன் பதற்றம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாது.

இந்த ஒத்திகை விஷயத்தில் நான் கேட்டதிலேயே மெய்சிலிர்க்கும் கதை நிலவில் முதல் மனிதன் இறங்கிய கதைக்குள் ஒளிந்திருக்கிறது. 1969 ஜூலை முதல் வாரம், ஹூஸ்டன். அப்போலோ-11 கிளம்ப இன்னும் சில நாள்தான். தரைக் குழுவுக்குக் கடைசிப் பயிற்சிகள் நடக்கின்றன. பயிற்சியாளர் ரிச்சர்ட் கூஸ் என்ன செய்தார் தெரியுமா? யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு கணினி எச்சரிக்கையை, எண் 1201, பாதிப் பயிற்சியில் திடீரென்று ஒலிக்கவிட்டார்! திரை முன்னால் இருந்த இளைஞர் ஸ்டீவ் பேல்ஸுக்கு அதன் பொருள் புரியவில்லை. 'கைவிடு' என்று சொல்லிவிட்டார். பயிற்சி முடிந்ததும் கூஸ் சொன்னது: அந்த எச்சரிக்கைக்குக் கைவிட்டிருக்கக் கூடாது, இறங்கியிருக்கலாம். தரைக் குழுவின் இயக்குநர் ஜீன் கிரான்ஸுக்குக் கோபம் வந்ததோ என்னவோ, காரியம்தான் முக்கியம். கணினி எழுப்பக்கூடிய ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் எழுதச் சொன்னார். 24 வயது ஜாக் கார்மன் உட்கார்ந்து, கையால் எழுதினார். அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தார்.

ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று எச்சரிக்கை! எண் 1202. பயிற்சியில் வந்ததன் உடன்பிறப்பு! கார்மன் தாளைப் பார்த்தார். 'திரும்பத் திரும்ப வராதவரை போகலாம்' என்றார் பேல்ஸிடம். பேல்ஸ் 'போகலாம்' என்றார். 'கழுகு' என்று பெயரிட்ட அந்தக் கலம் இறங்கியது. மனித குலம் நிலவில் கால் வைத்ததற்கு ஒரு கையெழுத்துத் தாளும் காரணம்! என்னைக் கேட்டால், நிறுத்தக் கற்றுக்கொண்டவருக்குத்தான் நிறுத்த வேண்டாத நேரமும் தெரியும்.

மனிதர்களை விடுங்கள், கணினிக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்த கதை தெரியுமா? 2022 ஆகஸ்ட் 7, எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம். அதில் சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்து, நாடெங்கும் 750 மாணவிகள் சேர்ந்து செய்த 'ஆசாதிசாட்' செயற்கைக்கோள் இருந்தது. மதுரை திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. இரண்டாம் கட்டம் பிரியும்போது ராக்கெட் ஒரு குலுக்குக் குலுக்கியது. முடுக்கத்தை அளக்கும் கருவிகள் கொஞ்ச நேரம் திணறின. கருவிகளே கெட்டுவிட்டன என்று கணினி முடிவுகட்டி மாற்று வழிக்குத் தாவியது. கருவிகள் நன்றாகத்தான் இருந்தன! செயற்கைக்கோள்கள் தாழ்வான பாதையில் விடப்பட்டு அழிந்தன. அடுத்த ராக்கெட்டில் குலுக்கலையும் குறைத்தார்கள், கணினி கூடுதல் நேரம் பொறுத்துப் பார்த்து முடிவெடுக்கவும் வைத்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று மாணவிகளின் ஆசாதிசாட்-2 சரியான பாதைக்குப் போய்ச் சேர்ந்தது!

ராக்கெட்டை விட்டு, தயாராகும் விண்கலத்தின் பக்கம் வாருங்கள். ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியைச் செய்தவர்களுக்கு சென்ட் அடிக்கத் தடை தெரியுமா? பெங்களூருக்கு அருகே ஹோசகோட்டேயில், தூசி நுழைய முடியாத அறையில் அந்தக் கருவி உருவானது. சூரியனின் மங்கலான வெளிவட்டத்தைப் பார்க்க வேண்டிய கண்ணாடி அது. வாசனைத் திரவியத்தின் ஆவி படிந்தால்கூட ஆபத்து! அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி.

அப்புறம் நாமக்கல். நிலவின் மண்ணைப் போன்ற மண் நாமக்கல் மாவட்டத்தில் கிடைக்கிறது தெரியுமா? சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்துப் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறை வகையோடு ஒத்துப்போகிறது. அதை அரைத்துத் தயாரித்த மண் சுமார் 50 டன் இஸ்ரோவுக்குப் போனது. சந்திரயானின் லேண்டரும் ரோவரும் நிலவில் கால் பதிக்குமுன் பதித்தது கொங்கு நாட்டு மண்ணில்தான்! எஞ்சினோ திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் எரித்துப் பார்த்தது. சந்திரயான்-3 போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை 2023 பிப்ரவரி 24 அன்று அங்கே 25 வினாடி ஓட்டித் தேர்வு வைத்தார்கள். அதற்குள் ஊற்றும் திரவ ஹைட்ரஜனின் குளிர் எவ்வளவு? மைனஸ் 253 டிகிரி! திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரம்.

எல்லாம் தயார், நல்ல நேரமும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான்கு வினாடி தள்ளிப்போடுவார்கள் தெரியுமா? சந்திரயான்-3 உண்மையாகவே 4 வினாடி தாமதமாகத்தான் கிளம்பியது! மேலே சுற்றிக்கொண்டிருக்கும் பொருள் ஏதாவது குறுக்கே வந்துவிடக் கூடாது என்று தரையில் உட்கார்ந்து ஒரு குழு கணக்குப் போட்டுக் கொடுத்த நேரம் அது. 2024 டிசம்பர் 30-ல் ஸ்பேடெக்ஸ் விண்கலங்கள் கிளம்பியபோதும் இரவு 9.58 என்பதை 10 மணி ஆக்கினார்கள், இதே காரணத்துக்காக!

அந்த எண்ணிக்கையை நமக்குச் சொன்ன குரல் ஒன்று இருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுதலுக்கு ஏவுதல் ஒலித்த அந்த நிதானமான பெண் குரலுக்குச் சொந்தக்காரர் வளர்மதி. சந்திரயான்-3 கவுண்ட்டவுனும் அவருடையதுதான். 2023 செப்டம்பரில் சென்னையில் காலமானார். நிலவின் தென்துருவப் பகுதிக்குப் போன பயணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

'நிறுத்து' என்று அடுத்தவர் வீட்டிலும் சொல்ல வேண்டிவந்தது 2025 ஜூனில். இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அமெரிக்காவிலிருந்து ஆக்ஸியம்-4 பயணத்தில் கிளம்ப வேண்டும். ஃபால்கன்-9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு. கசிவை முழுசாக அடைக்காமல் போகக் கூடாது என்று உறுதியாக நின்றது இஸ்ரோ குழு. தலைமை தாங்கியவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான நாராயணன், கிரையோஜெனிக் எஞ்சினிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கசிவைச் சரிசெய்த பிறகு, ஜூன் 25-ல் சுக்லா பத்திரமாகக் கிளம்பினார்.

பெருங்குடி மொட்டை மாடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மேகம் இல்லாத இரவில் வடக்கே பார்த்தால் ஆரஞ்சு நிறக் கோடு ஏறிப்போவது தெரியும். கிட்டே போய்ப் பார்க்கவும் வழி இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் பொதுமக்களுக்காகப் பார்வையாளர் கூடம் திறந்திருக்கிறது. இணையத்தில் பெயர் பதிந்துகொண்டு, சென்ட்ரலில் சூலூர்பேட்டை ரயில் பிடித்தால் போதும். அந்த ஆண்டு ஜூலை 15-ல் சந்திரயான்-2 பார்க்க நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். 56 நிமிடம் 24 வினாடி இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரத்தில், 22-ஆம் தேதி, அதே ராக்கெட் அதே விண்கலத்தோடு கம்பீரமாகப் போனது! ஆகவே போகும்போது பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள்: ராக்கெட் நின்றாலும் கைதட்ட வேண்டும்.