உமி பட்ட கண்ணும் உலகம் கற்ற பாடமும்

பெரியாற்றுப் பாசனத்தையும் வைகையையும் நம்பி நெல்லும் கரும்பும் விளையும் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் வட்டாரங்களிலும், வானம் பார்த்த கரிசலில் பருத்தியும் சோளமும் விளையும் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் உழைத்து ஜீவிக்கும் மக்களின் கண்ணுக்கு நேரும் ஆபத்துக்களுள் மிகவும் சாமானியமானதும், அதனாலேயே மிகவும் அலட்சியம் செய்யப்படுவதும், கருவிழியில் விழும் ஒரு சிறு கீறலே ஆகும். கதிர் அறுக்கையில் தாளின் நுனி குத்துகிறது. களத்தில் தூற்றுகையில் உமி பறந்து வந்து விழுகிறது. கரும்புத் தோட்டத்தில் சோகை கிழிக்கிறது. பால் கறக்கையில் மாட்டின் வால் வீசி அடிக்கிறது. கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் அது தானே ஆறிவிடுகிறது. ஆறாத சிலருக்கோ கண் சிவந்து, வலி பொறுக்கமாட்டாமல் நீர் வடிந்து, கருவிழியின்மேல் வெள்ளைப் புள்ளி தோன்றிப் படர்ந்து, கடைசியில் கண்ணில் பூ விழுந்து பார்வையே போய்விடுகிறது.

அந்தச் சிலர் எத்தனை பேர், அவர்கள் கண்ணில் குடியேறிய கிருமி எது, அதைக் கொல்லும் ஔஷதம் எது, அது குடியேறாமலே தடுக்க வழியுண்டா என்னும் நான்கு கேள்விகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பி, மதுரையிலேயே இருந்துகொண்டு விடை தேடிய ஆராய்ச்சியின் வரலாறு, இம்மாவட்டத்து மக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

கணக்கு எடுத்தபோது தெரிந்தது

அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காகவே பலரும் அறிவார்கள். ஆயினும் அங்கே வந்து சேரும் ஏழைகளுள், புரையால் மெல்ல மெல்லப் பார்வை மங்கிய முதியவர்களோடுகூட, நேற்றுவரை நன்றாகக் கண் தெரிந்து உழைத்துக்கொண்டிருந்து, இன்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து நிற்கும் நடுவயது உழவர்களும் கூலியாட்களும் இருந்தார்கள். அவர்களைக் கவனித்துவந்த டாக்டர் எம். சீனிவாசனும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராக்டர் நிறுவனத்தாருடன் கூடி, 1993-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் எத்தனை பேருக்குக் கருவிழிப் புண் உண்டாயிற்று என்று மதிப்பிட்டார்கள். லட்சம் பேருக்கு 113 பேர் என்று தெரியவந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதியில் எடுத்த கணக்கோ லட்சத்துக்கு 11 பேர்தான். பத்து மடங்கு வித்தியாசம்!

அடுத்தபடியாக 1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை, அறுவடைக் காலத்தை ஒட்டிய மூன்று மாதங்களில், கருவிழியின் நடுவே புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 284 பேருக்கு, அதாவது மூவரில் இருவருக்கு, முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது புலனாயிற்று. 297 பேரின் புண்ணிலிருந்து கிருமியை வளர்த்தெடுக்க முடிந்தது. அவற்றுள் 140 பேருக்குப் பாக்டீரியாவும் 139 பேருக்குப் பூஞ்சையும் காரணமாக இருந்தன. குளிர்ந்த தேசங்களின் பாடப்புத்தகங்கள் கருவிழிப் புண் என்றால் பாக்டீரியாவையே முதலில் நினைக்கக் கற்பித்துவந்திருக்க, மதுரையில் பூஞ்சை அதற்குச் சரிசமமாக நின்றது. பூஞ்சை கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் கண்ணில் இருந்தது ஃபுசேரியம் என்னும் இனம்; அதற்கு அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். இரண்டும் மண்ணிலும், மக்கும் வைக்கோலிலும், பயிர்களின் மேலும் இயல்பாக வாழ்பவை. உழவர் தினமும் புழங்கும் பொருள்களிலிருந்தே அவை அவருடைய கண்ணுக்குள் புகுகின்றன.

பூஞ்சை ஏன் இவ்வளவு கொடியது?

கடிகாரத்தின் முகத்தை மூடியிருக்கும் கண்ணாடியைப் போல, கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிந்த படலமே கருவிழி. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். ஒளி தடையின்றிப் புக வேண்டுமாதலால் அதில் இரத்தக் குழாய்கள் கிடையா. இரத்தம் ஓடாத இடத்துக்கு உடம்பின் காவற்படையும் தாமதமாகவே வந்து சேர்கிறது. மேற்தோல் கீறுபட்ட இடத்தில் பூஞ்சையின் வித்து ஒன்று ஒட்டிக்கொண்டால், அது நூல் நூலாகக் கிளைத்து ஆழத்தில் இறங்குகிறது. கண்ணில் விடும் சொட்டு மருந்துகளோ அவ்வளவு ஆழத்துக்கு எளிதில் இறங்குவதில்லை.

எந்தக் கிருமி என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் நிச்சயித்துவிட முடியாது. ஆகவே நோயாளியின் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, மைக்ரோஸ்கோப்பின் வழியே பார்த்தபடியே, மிக நுண்ணிய கரண்டியால் புண்ணின் விளிம்பிலிருந்து சிறிதளவு சுரண்டி எடுக்கிறார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி விட்டால், கண்ணின் திசு கரைந்து தெளிய, பூஞ்சையின் நூல்கள் கிளை கிளையாகத் தெரிகின்றன. மிகக் குறைந்த செலவில் சில நிமிஷங்களில் முடியும் இப்பரிசோதனையே சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கிறது. பாக்டீரியாவுக்கு உரிய மருந்தைப் பூஞ்சைக்கு விட்டால் பயனில்லை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டாலோ, சிவப்பும் வலியும் தற்காலிகமாகத் தணிந்தாற்போல் தோன்ற, உள்ளே பூஞ்சை தங்குதடையின்றிப் பரவிவிடும்.

இரண்டு மருந்துகளில் எது?

பூஞ்சைப் புண்ணுக்கு நெடுங்காலமாக வழங்கிவந்தது நாட்டமைசின் என்னும் சொட்டு மருந்து. ஆழத்தில் இறங்காது என்பது அதைப் பற்றிய குறை. பின்னர் வந்த வோரிகொனசோல் விலை கூடியது. கண்ணுக்குள் நன்றாக ஊடுருவக்கூடியது. ஆதலால் அதுவே மேலானதாக இருக்கும் என்ற அபிப்பிராயம் வைத்தியர்களிடையே பரவியிருந்தது. அபிப்பிராயம் எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், அதைப் பரீட்சித்துப் பார்க்காமல் பிரமாணமாகக் கொள்ளலாகாது என்பது ஆராய்ச்சியின் முதல் நெறி.

அப்பரீட்சை 2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் பொருளுதவியுடன், மதுரை முதலான அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்தது. சீனிவாசனும், டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னாவும், பிராக்டர் நிறுவனத்தாரும் அதை நடத்தினார்கள். 323 நோயாளிகள் அதில் பங்குகொண்டார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதை வைத்தியரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதற்கு ஒப்பான முறையே தீர்மானித்தது. கண்ணில் விடுவது எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது. தெரிந்தால், எதிர்பார்ப்பு என்னும் பிழை அளவில் கலந்துவிடும். முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, அதன் பின் இரண்டு மணிக்கு ஒரு சொட்டு என்று சிகிச்சை நடந்தது. தீங்கு ஏதும் நேர்கிறதா என்று தனிக்குழு ஒன்று இடையிடையே கணக்குகளைப் பார்த்துவந்தது. புதிய மருந்து பெற்றவர்களுக்கே கருவிழி ஓட்டையாவது மிகுதி என்று அக்குழு கண்டதனால், திட்டமிட்ட எண்ணிக்கை நிரம்புமுன்னரே நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

முடிவு 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பழைய மருந்தே வென்றது. ஃபுசேரியம் தாக்கியவர்களில் நாட்டமைசின் பெற்றவர்கள், பார்வைப் பலகையில் மற்றவர்களைவிட நான்கு வரி கூடுதலாகப் படித்தார்கள். கருவிழி ஓட்டையாவதும், மாற்று அறுவை தேவைப்படுவதும் அவர்களிடையே வெகுவாகக் குறைந்திருந்தன. சொட்டு மருந்தோடு வோரிகொனசோல் மாத்திரையும் சேர்த்தால் குணம் கூடுமா என்று நேபாளத்தையும் சேர்த்துக்கொண்டு 240 பேரிடம் நடத்திய அடுத்த பரீட்சையும், பொதுவாக நோக்குமிடத்து அதனால் பயனில்லை என்று 2016-இல் தெரிவித்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசினை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கிராமத்திலேயே தடுக்க முடியுமா?

எந்த மருந்தாலும் ஆழமாக வடுப்பட்ட கருவிழியைப் பழையபடி தெளிவாக்க முடியாதாகையால், நோய் வருமுன் காப்பதைப் பற்றியும் மதுரை ஆராய்ச்சியாளர்கள் சிந்தித்தார்கள். பாட்டிமார் நாக்கால் துழாவி உமியை எடுப்பதும், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ இலைச்சாறோ பிழிந்து விடுவதும் நம் கிராமங்களில் இன்றும் வழக்கம். அன்பினால் செய்யும் உபகாரமே எனினும், கீறுபட்ட கண்ணில் அவற்றின் வழியாகவும் கிருமி புகக்கூடும். அதற்குப் பதிலாக, ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, அடிபட்டவுடன் களிம்பு தடவினால் என்ன? மதுரை மாவட்டத்தில் 48,039 பேர் வாழும் கிராமங்களில் அவ்வாறே செய்துபார்த்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணில் அடிபட்டு வந்த 1,365 பேரில் 374 பேருக்குக் கருவிழியில் கீறல் இருந்தது. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்குமான களிம்புகளை மூன்று நாள் இட்டதில், சிகிச்சையை முடித்த 368 பேரில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை.

மனத்துக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆயினும் களிம்பு இடாத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை, அவற்றுள் எத்தனை கீறல்கள் தாமாகவே ஆறியிருக்கும் என்று சொல்ல இயலாது. நேபாளத்தில் 24 கிராமத் தொகுதிகளில் அவ்வாறு ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2022-இல் வெளிவந்தபோது, இவ்வாறு பயிற்சி பெற்ற கண் ஊழியர் இருந்த கிராமங்களிலும் இல்லாத கிராமங்களிலும் புண்ணின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. தங்கள் நம்பிக்கைக்கு எதிரான முடிவையும் மறைக்காமல் வெளியிடுவதே சாஸ்திரத்தின் நேர்மை; அந்த நேர்மை இருப்பதனால்தான் நாட்டமைசினைப் பற்றிய முடிவையும் நாம் நம்புகிறோம்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதை

மதுரையில் கண்டது மதுரையோடு நிற்பதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் தென்மேற்கே, வாழையும் மக்காச்சோளமும் பயிராகும் மபாராரா வட்டாரத்தில் 2016-இன் இறுதியிலிருந்து 2018 வரை கருவிழிப் புண்ணோடு வந்த 313 பேரை ஆராய்ந்தபோது, பத்தில் ஆறு பேருக்குப் பூஞ்சையே காரணமாக இருந்தது. பத்தில் ஆறு பேர் பச்சிலைச் சாறு முதலான நாட்டு மருந்துகளை விட்டுப் பார்த்த பின்னரே மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். பலர் வந்து சேர இரண்டு வாரத்துக்கும் மேலாகியிருந்தது. உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேருக்குமேல் கருவிழியில் பூஞ்சைப் புண் காண்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வெப்ப தேசங்களின் உழவர்களை வருத்தும் இந்நோய்க்கு எந்த மருந்தை முதலில் விடுவது என்று மபாராராவில் இருக்கும் ஒரு வைத்தியர் யோசிக்கும்போது, அவருக்கு வழிகாட்டுகிற சான்றுகளுள் தலையாயது நம் ஊர் நோயாளிகளின் சம்மதத்தால் கிடைத்தது. வலியோடு வந்த நேரத்திலும், தமக்கு எந்த மருந்து கிடைக்கும் என்று அறியாமலே பரீட்சைக்கு உடன்பட்ட அந்த 323 பேரும் உலகத்துக்குச் செய்த தானம் பெரிது.

அந்தத் தானத்தின் பயன் இம்மாவட்டத்து உழவருக்கு முதலில் கிடைக்க வேண்டுமானால் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். கண்ணில் உமியோ முள்ளோ பட்டவர், சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டு, கசக்காமல், எதையும் பிழிந்து விடாமல், மறுநாளும் சிவப்போ வலியோ கூச்சமோ இருந்தால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும்; 2004 முதல் சிற்றூர்களில் அரவிந்த் திறந்துவரும் பார்வை மையங்களில், நகரத்திலுள்ள வைத்தியர் வீடியோ வழியாகவே நோயாளியிடம் பேசி ஆலோசனை சொல்கிறார். மருந்துக் கடைக்காரர்கள் வைத்தியர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தரலாகாது. அரசு, தாலுகா மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் நாட்டமைசின் எப்போதும் இருக்கும்படியும், புண்ணைச் சுரண்டிப் பார்க்கும் வசதி கிடைக்கும்படியும் செய்ய வேண்டும். எந்த மருந்து என்ற கேள்விக்கு மதுரை விடை கண்டுவிட்டது; அம்மருந்து உரிய நாளில் உரிய கண்ணைச் சேரும்படி செய்வது நம் அனைவரின் கடமை.