நித்யகல்யாணி மருந்தைக் குடுவையில் எடுக்க முடியுமா?

சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கிவிடும் நித்யகல்யாணியின் இலையில்தான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. சிக்கல் அளவில்தான். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு 2000 கிலோ!

அப்போ வயல் எதற்கு, திசு வளர்ப்பில் செல்லை மட்டும் வளர்த்தால் போதாதா என்று தோன்றும்.

முறை இதுதான். கிருமி நீக்கிய இலைத் துண்டைச் சர்க்கரை, தாது உப்புகள், ஆக்சின், சைட்டோகைனின் கலந்த ஊடகத்தில் வைத்தால், சில வாரங்களில் உருவமில்லாத செல் திரள் வரும். அதுதான் கேலஸ். அதைத் திரவ ஊடகத்தில் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தால் செல்கள் பெருகும். பிறகு பெரிய கலனுக்கு மாற்றலாம்.

யூ மரத்தில் இது ஜெயித்தது. டாக்ஸால் மருந்துக்காகப் பட்டையை உரித்தால் மரமே செத்துப்போகும். இப்போது யூ மரச் செல்களைக் கலனில் வளர்த்தே அதை வணிகரீதியாகத் தயாரிக்கிறார்கள். பூச்சி கடித்தால் செடிக்குள் எழும் அபாயச் செய்தி ஜாஸ்மோனேட். அதன் ஒரு வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட்டைச் சேர்த்தால், ஏதோ தாக்குகிறது என்று செல்கள் டாக்ஸாலை அதிகம் சுரக்கின்றன.

நித்யகல்யாணி மட்டும் மசியவில்லை. ஏன்?

கேத்தரான்தின், வின்டோலின் என்ற இரண்டு பொருள்கள் இணைந்துதான் வின்பிளாஸ்டின் உருவாகிறது. குடுவைச் செல்கள் முதலாவதைச் செய்துவிடும். வின்டோலின் மட்டும் வராது. காரணம், இலையில் அந்த வேலை பங்கு பிரித்து நடக்கிறது: தொடக்கம் நரம்பை ஒட்டிய செல்களில், நடுப்பகுதி மேல்தோலில், கடைசிக் கட்டம் பால் சுரக்கும் தனிவகைச் செல்களில். வெளிச்சமும் வேண்டும். கேலஸில் இந்த வேலைப் பிரிவினையே கிடையாது.

நம்ம பாஷையில் சொன்னால், சோர்ஸ் கோடு ஒவ்வொரு செல்லிலும் முழுசா இருக்கு. ஆனா அந்த ஃபங்ஷனைக் கூப்பிட இலை என்ற அமைப்பு வேணும்.

2022-ல் ஈஸ்ட்டுக்குள் இந்த மரபணுக்களைப் புகுத்தி, 30-க்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து அந்த இரண்டு பொருள்களையும் எடுத்துக் காட்டினார்கள். பிறகு வேதிமுறையில் இணைத்தார்கள்.

ஆகவே எந்த மூலிகையையும் குடுவையில் போட்டால் மருந்து வந்துவிடாது. முதலில் கேட்க வேண்டியது: அந்தப் பொருள் செடியின் எந்தச் செல்லில் உருவாகிறது? அந்தச் செல் நம் குடுவையில் இருக்கிறதா?